கத்தாளை

களியக்காவிளை சோதனைச் சாவடியில்
என் மேசையைக் கவிழ்த்துப் போட்டால்
பித்தளைத் தகடு ஒன்று தெரியும்:
எம்.எல்., பிறகு மூன்று எண்கள்.
அவளுக்குப் பெயர் வைக்கவில்லை.

நாற்பத்து மூன்றில் கொச்சியில் நீரில் இறங்கினாள்.
நூற்றுப் பன்னிரண்டு அடி. மகாகனி, இரட்டைப் பலகை,
நடுவே எண்ணெயில் தோய்த்த துணி.
இரும்புக்கு வேறு போர் இருந்தது;
எங்கள் கரைக்கு மரத்தைத்தான் கொடுத்தார்கள்.
பதினாறு ஆள். பின்தளத்தில் ஆழ்வெடிகள்
கள்ளுப் பீப்பாய்களாட்டம் படுத்திருக்கும்.
அடிவயிற்றில் ஒரு காது.

கொச்சிக்கும் குமரிக்கும் நடுவே
போவதும் வருவதும்தான் உத்தியோகம்.
கச்சான் அடித்தால் சமையற்காரனும் வாந்தியெடுப்பான்.
ஏலக் கோப்பில் யாரோ தவறிச் சேர்த்துத் தைத்துவிட்ட
அவளுடைய நாட்குறிப்பை வாசித்திருக்கிறேன்:
"எதுவும் தென்படவில்லை."
மறுநாள், "மேற்படி."
பதினொரு பக்கம் மேற்படி.

குழலை மாட்டிக்கொண்டு கேட்டிருந்தவன்
நீரோடி வியாகப்பன்.
துடுப்பைக் கடலில் இறக்கி, மறுமுனையில் காதை வைத்து
கத்தாளை எங்கே கத்துகிறது என்று சொல்லும் வீட்டுக்காரன்.
கருவி விடும் சத்தம் கீழே போய்த் திரும்பும்.
திரும்புவதில் எது இரும்பு, எது மாமிசம் என்று
பிரித்துச் சொல்ல அவனுக்குச் சம்பளம்.

முதல் தடவை, விழிஞ்ஞத்துக்குத் தெற்கே,
"கத்தாளையாக்கும் சார்" என்றான்.
லெப்டினன்ட் காலன் நம்பவில்லை.
ஆறு வெடி.
கடல் எழுந்து நின்றது, கொஞ்சம் யோசித்தது, உட்கார்ந்தது.
ஒரு பர்லாங்கு நீளத்துக்கு
வெள்ளை வயிறுகள்.
எங்கிருந்துதான் வந்தனவோ, கட்டுமரங்கள்.
பூத்துறையில் மூன்று நாள் வேறு குழம்பு இல்லை.
நாட்குறிப்பில்: "விளைவு ஐயத்திற்குரியது. எண்ணெய் மிதக்கவில்லை."
குழலைக் கழற்ற மறந்த வியாகப்பனின்
இடது காது அன்றைக்குப் போயிற்று.
அதை எழுதக் கட்டம் இல்லை.

இரண்டாம் தடவை மாசியில், நிலா இல்லாத இரவு.
சத்தம் போய்த் திரும்பியது.
காலன் கேட்டார்.
மீன் என்றான்.
இந்தத் தடவை நம்பினார்.
விடிந்தபோது முப்பது மைல் தள்ளி
முந்திரி ஏற்றிய கப்பல் ஒன்று இரண்டாக முறிந்து கிடந்தது.
நாட்குறிப்பில் அந்த இரவுக்கு ஒரே சொல்:
மீன்.

நாற்பத்தாறில் ஏலம்.
எஞ்சின் பாறசாலை அரிசி மில்லுக்கு.
ஈயமெல்லாம் வலைகளுக்கு.
மணியைக் காணோம்.
பலகை பொதுமராமத்துக்குப் போய், பத்து வருஷம் நனைந்து,
எல்லைக் கோடு வந்தபோது
மேசையாகி என்னிடம் வந்தது.

அறுபத்தைந்து, அரிசி தாண்டக் கூடாத வருஷம்.
ஊனப் பென்ஷன் மனுவோடு வந்தான் வியாகப்பன்.
நாற்பத்து நாலு வயது, நரை அதிகம்.
இது எங்கள் இலாகா இல்லை என்றேன். இரண்டு தடவை.
அவன் மேசையின் விளிம்பைத் தடவிக்கொண்டிருந்தான்.
பிறகு குனிந்து, மாடு கழுத்தைச் சாய்ப்பதுபோல்,
நல்ல காதைப் பலகைமேல் வைத்தான்.
"லாரி ஒண்ணு வருதாக்கும்."
என் பீடி பாதி எரிந்த பிறகு
வளைவில் வெளிச்சம் திரும்பியது.
"லோடா, காலியா?" என்று வேடிக்கைக்குக் கேட்டேன்.
அவன் நிமிரவில்லை.
"அத மட்டும் எங்கிட்ட கேக்காதேயும்."

தார்ப்பாய் இறுக்கிக் கட்டியிருந்தது.
டயர்கள் அமுங்கியிருந்தன.
அந்தப் பக்கம் எட்டு நாளாக ரேஷன் இல்லை என்று பேச்சு;
அதற்காகத்தான் என்று சொல்ல மாட்டேன்,
ஐந்து ரூபாயும் வாங்கினேன்.
அவன் காதுக்குப் பக்கத்திலேயே
பதிவேட்டை விரித்து எழுதினேன்:
காலி.
பின்னால் இன்னொன்று நின்றது.
மேற்படி.